நாலு திருகில் ஒன்று

ஒன்றுதான். எண்ணிப் பார்த்துவிட்டேன். எட்டு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு "நான் எத்தனை திருகைத் தொட்டேன்னு இப்பவாவது எண்ணிப் பாத்தியா" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாயே, அதற்குப் பதில் இதுதான், அந்தப் பெரிய ரேடியோவின் நாலு திருகில் ஒன்றைத்தான் தொட்டிருக்கிறாய். மற்ற மூன்றின் மேலும் நான் சொட்டின பாத்திக் மெழுகு சொட்டினபடி இருக்கிறது, அதன் மேல் ஊசியால் நான் கீறுகிற கோடுகூட அழியவில்லை. சரி, சலாமை முதலில் சொல்லியிருக்க வேண்டும், இப்போது வாங்கிக்கொள், அஸ்ஸலாமு அலைக்கும், நீயும் உன்னோடு அறையில் இருக்கிற பெண்களும் கை கால் சுகத்தோடு இருக்க அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன், இடுப்பு வலி போய்த் தோள்பட்டை வலி வந்திருக்கிறது. உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது அம்பர்? ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கிறார்களாம், லீவில் வந்திருக்கிற யாயுக் சொன்னாள். உட்காரச் சொல்லாவிட்டாலும் ஒரு காலை மாற்றி ஒரு காலையாவது பெட்டி மேல் தூக்கி வை. போனில் கேட்கலாமே என்று நினைப்பாய், நீ எடுக்க மாட்டாய், எடுத்தாலும் நான் இரண்டாவது வாக்கியத்தில் கத்திவிடுவேன், அது நம் இரண்டு பேருக்கும் தெரியும். காகிதத்தில் கத்தினால் உனக்குக் கேட்காது. யாயுக் செவ்வாய்க்கிழமை பினாங்கு திரும்புகிறாள், அவள் பையில் இதையும் தெம்பே வறுவல் நாலு பொட்டலமும் வைத்து அனுப்புகிறேன், காரம் போட்டது இரண்டு, போடாதது இரண்டு, காரத்தை நீ தின்னு, மற்றதைச் சூப்பர்வைசருக்குக் கொடு.

வீட்டுச் சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கீத்தோ மாமாவின் சின்னவனுக்குச் சுன்னத் ஆயிற்று, பையன் மூன்று நாளும் சாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று போகிற வருகிற எல்லாரிடமும் பணம் கேட்டான், வெட்கமே இல்லை, மாமாவையே உரித்து வைத்திருக்கிறான். சமையல்கட்டுக் கூரை அதே இடத்தில்தான் ஒழுகுகிறது, கீழே வைக்கிற வாளியை மட்டும் மாற்றியிருக்கிறேன். பூனை, வால்வெல்லாம் கழற்றி வைத்த அந்தக் காலி ரேடியோப் பெட்டிக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது, துணி கிழிந்த ஸ்பீக்கர் ஓட்டை வழியாக ஒரு குட்டி தலையை நீட்டுகிறது, வருகிறவனெல்லாம் போட்டோ எடுக்கிறான், நான் வேலை செய்த ரேடியோவைப் போட்டோ எடுக்க ஒருத்தனும் இல்லை. உன் அப்பன் தேஜோவைப் பற்றி நீ கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். முதலாளியம்மா இபு மெய்லானியின் ஹோட்டலில் இருக்கிற இருபத்திரண்டு ரேடியோவையும் இப்போது தேஜோதான் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்கிறான் என்றால் என்ன, குடலை உருவிப் போட்டுவிட்டு உள்ளே புளூடூத் பலகை ஒன்றை ஒட்டிவிடுகிறான், முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு. தட்டினால் பாடும். ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஹாலந்துப் பெட்டிக்குள்ளிருந்து ஒருத்தன் போனில் இருக்கிற பாட்டு வருகிறது. பழைய ரேடியோ சங்கத்துக்குத் தலைவர் வேறு. அந்த இருபத்திரண்டையும் நீ பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது, அங்கேயே அறை, சாப்பாடு, சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு என்று இபு மெய்லானி வாயால் சொன்னது, அது என்னால் போயிற்று. என்னால் என்று எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது எனக்கு.

அன்றைக்கு நடந்ததை உனக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம், நீதான் அங்கே நின்றவள். ஆனால் எனக்கு இதை வரிசையாக எழுதியாக வேண்டும், ஏனென்றால் இத்தனை மாதமாக நான் வேறு வரிசையில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஹோட்டல் முற்றத்தில் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் திருத்திக் கொண்டு வந்த அந்தப் பெரிய ரேடியோவை மேசையில் வைத்துப் போட்டேன், டயலின் இடது முனை நன்றாக வந்தது, வலது முனை நன்றாக வந்தது, இபு மெய்லானி எழுந்து வந்து நேராக நடுவுக்குத் திருப்பினார். உஸ் என்று ஒரு காற்று, அதன் மேல் ஒரு விசில். தேஜோ கால் மேல் கால் போட்டுக்கொண்டு "என்ன விதா, ஸ்டேஷனா, இல்ல கெட்டில்ல தண்ணி கொதிக்குதா? காப்பித்தூள் போடவா?" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், கோ லியோங் கூடச் சிரித்தார், நம் தோஃபுக் கடைக்காரர், என்னைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காத மனுஷன். பெட்டியின் பின்பலகையைக் கழற்றி உள்ளே இருக்கிறதை இழுத்து வெளியே வைத்தேன், முதல் ஐ.எஃப். டப்பாவின் தலையில், திருகின் மேல் மெழுகு உடைந்திருந்தது. யார் தொட்டது என்று கேட்டேன். நீ உடனே, ஒரு நொடிகூட நிற்காமல், "நான்தான்மா. ஒண்ணுதான். அரைச் சுத்து" என்றாய். இரண்டு டப்பா, டப்பாவுக்கு மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. மேலே இருக்கிற இன்னொன்று வால்வுக்குப் பின்னால் மறைந்திருக்கும், கீழே இருக்கிற இரண்டைப் பார்க்க வேண்டுமானால் கவிழ்க்க வேண்டும். நான் கவிழ்க்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாலையும் முறுக்கிட்டா, அப்பன் கை அப்படியே இருக்கு, தொட்டதெல்லாம் நாசம்" என்று முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை, இபு மெய்லானியைப் பார்த்து "இவளை உங்க ரேடியோ எதுக்கும் பக்கத்துல விட்றாதீங்க இபு" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான் உன்னைக் கப்பலேற்றியது, ஏஜென்சிக்காரன் இல்லை. அப்பன் கை என்றதும் தேஜோ எழுந்து இரண்டு கையையும் விரித்து எல்லாருக்கும் காட்டினான், "பாத்துக்கங்கப்பா, இந்தக் கையிலதான் சங்கமே ஓடுது" என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு.

நீ அப்போது மேசையில் இருந்த என் சிக்னல் மெஷினை, திருகை எந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்று காட்டுகிறதை, பார்த்தாய், அதன் குமிழைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். கொழுப்பு என்று நினைத்தேன். அது என்ன பார்வை என்று இந்த வாரம்தான் புரிந்தது. நோன்பு மாதத்தில் நாம் மலை மேலே பாத்து ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தோமே, நம் இரண்டு பேருக்கும் நடுவில் பலாப்பழச் சாக்கு, அதன் மேல் மெஷின், ஆப்பிள் விற்கிறவர்கள் நிற்கிற திருப்பத்தில் வேகத்தடையில் தூக்கிப் போட்டதும் மெஷினின் குமிழ், எண்ணைக் காட்டுகிற முள்ளோடு கழன்று உருண்டு ஒரு வண்டிக்கு அடியில் போயிற்று. நீ செருப்பை விட்டுவிட்டு ஓடி எடுத்து வந்தாய். "முள்ளு எந்த இடத்துல நின்னுச்சுன்னு பாத்து வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாய். "இருபது வருஷமா இந்த மூஞ்சியத்தான் பாக்கறேன், என் கண்ணுக்குத் தெரியாதா?" என்று சொல்லி அங்கேயே, ரோட்டோரத்திலேயே, தண்டில் செருகிப் பக்கத்துத் திருகாணியை முறுக்கிவிட்டேன். அதற்கப்புறம் ஒருநாள்கூட அதைச் சோதிக்கவில்லை. எண் போட்ட தட்டு இருக்கிறது, முள் இருக்கிறது, ரேடியோவுக்கு வேண்டிய நானூற்று ஐம்பத்திரண்டை முள் காட்டினால் அது நானூற்று ஐம்பத்திரண்டு, அவ்வளவுதான் எனக்கு. அந்தப் பெரிய ரேடியோவை நான் மேசையில் வைத்துச் இரும்புத் திருப்புளிக்குப் பதில் சாத்தே இறைச்சிக் குச்சியைச் சீவிக்கொண்டு நாலு திருகையும் திருப்பினபோது நீ பின்னால் வந்து நின்று "நடுவுல ஊமையா இருக்கும்மா, உன் மெஷின் பொய் சொல்லுது போல இருக்கு" என்றாய், "நடுவுல வர்ற ஸ்டேஷனே வீக்குடி, போய்ச் சோத்தை வடி" என்றேன். சோற்றை வடித்துவிட்டு வந்து, நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு திருகை மட்டும் திருப்பிப் பார்த்திருக்கிறாய், நடு எழுந்து வருகிறதா என்று. நாலில் ஒன்றை அசைத்தால் எங்கே வரும், வரவில்லை, விட்டுவிட்டாய். ஹோட்டலில் நடந்தபோது மாத்திரம் நீ "அம்மா ரோட்டுல குமிழைத் தொலைச்சு கண்ணளவுல மாட்டினாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேரும் அன்றைக்கே என் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றிருப்பார்கள், என் பிழைப்பு முடிந்திருக்கும், உன் வேலை உனக்கே நிலைத்திருக்கும். நீ சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, கதவைச் சாத்தினபிறகு "அம்மா, அந்தக் குமிழு" என்று ஆரம்பித்தாய், அந்தப் பேச்சை எடுத்தால் வாயைக் கிழிப்பேன் என்றேன், தட்டையும் வீசினேன். நீலப்பூப் போட்ட தட்டு, அதன் ஜோடி இன்னும் அலமாரியில் இருக்கிறது.

உண்மை எப்படி வெளியே வந்தது என்று நீ நினைப்பாய், அம்மாவுக்கு மனசு உறுத்தித் தேடியிருப்பாள் என்று. அதெல்லாம் இல்லை. உன் ஒரு வரி வந்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிற்று. இவளுக்கு இன்னும் திமிர் அடங்கவில்லை, உடைந்த மெழுகு நாலையும் போட்டோ எடுத்து அனுப்பி வாயை அடைக்கிறேன் என்றுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ரேடியோவை இழுத்தேன். அன்றைக்கு ஹோட்டலிலிருந்து திருப்பி எடுத்து வந்து துணி போட்டு மூடினது, அதற்கப்புறம் தொடவே இல்லை. கவிழ்த்து வைத்து டார்ச் அடித்தேன். மூன்றில் மெழுகு முழுசாக இருந்தது, போட்டோ எடுக்க வைத்திருந்த போனைக் கட்டிலில் போட்டேன். அப்புறம் எழுந்து மெஷினை எடுத்தேன். தொள்ளாயிரத்தில் வருகிற ஸ்டேஷனைப் பிடித்துக்கொண்டு, மெஷினை அதில் பாதிக்கு, நானூற்று ஐம்பதுக்கு வைத்தேன், அதன் இரண்டு மடங்கு அலை போய் அந்த ஸ்டேஷன் மேல் ஏற வேண்டும், விசில் தாழ்ந்து தாழ்ந்து அடங்குகிற இடம்தான் சரியான இடம், இது உனக்கும் தெரியும், நீதான் எனக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தினாய். நானூற்று ஐம்பதில் விசில் காதைக் கிழித்தது. மெல்ல மெல்லத் திருப்பினேன். விசில் அடங்கினபோது முள் நானூற்று அறுபத்தைந்தில் நின்றது. பதினைந்து தள்ளி. நான் நானூற்று ஐம்பத்திரண்டு என்று சத்தியம் செய்த இடமெல்லாம் நானூற்று முப்பத்தேழு. அந்தப் பதினைந்தைக் கழித்துக்கொண்டு ரேடியோவுக்கு ஊட்டிப் பார்த்தேன். மூன்று திருகும் நான் வைத்த நானூற்று முப்பத்தேழில் உட்கார்ந்திருக்கின்றன. நீ தொட்டது மட்டும் நானூற்று ஐம்பதுக்கு வந்திருக்கிறது. அளக்க ஒன்றும் இல்லாமல், வெறும் காதை வைத்துக்கொண்டு, சரியான பக்கம் திருப்பியிருக்கிறாய். உன் அரைச் சுற்றால் சத்தம் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன், மெழுகை உடைத்தால் உடைத்தேன் என்று அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கவும் வேண்டும். ஆனால் நடு செத்தது என்னால்.

இதோடு முடிந்தால் நல்ல கதை. முடியவில்லை, கேள். நோன்பு மாதத்திலிருந்து இன்றுவரை அந்த மெஷினை வைத்துக்கொண்டு பதினோரு ரேடியோவின் ஐ.எஃப். திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் திரும்பி வந்து நடுவில் சரியாக எடுக்கவில்லை என்றார்கள், பழைய பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விஷயத்தைக் கீத்தோ மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவன் சிகரெட்டைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை, "இதுல என்னக்கா இருக்கு, மழைக்கால ஃப்ரீ செக்கப்னு ஒரு போர்டு மாட்டு, பதினொண்ணும் தானா வந்து விழும், திருப்பிக் கொடுத்துடு, உனக்கும் எனக்கும் அந்தப் பூனைக்கும் தவிர யாருக்குத் தெரியும்?" என்றான். நான் மாட்டினேன் அம்பர். சாக்பீஸால் என் கையாலேயே எழுதி மாட்டினேன். முதல் ஆளாகக் கோ லியோங் வந்தார், ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் சூடான தோஃபு ஒரு பொட்டலம். குமிழைச் சரியாக வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், அரை மணி நேர வேலை, நடு மணி மாதிரிக் கேட்டது. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்குப் புரிஞ்சுபோச்சு விதார்த்தி, உம் பொண்ணு என்னோடதுலயும் கை வச்சிருக்கா, இல்ல? அவ கெடுத்ததையெல்லாம் நீ ஊரைக் கூப்ட்டு ஃப்ரீயா சரி பண்றே. பெத்த பாவம். உனக்கு நல்ல மனசும்மா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா கோ" என்றேன். அவ்வளவுதான், இரண்டு வார்த்தை, யோசிக்கவே இல்லை, யாரோ பல்லுக்குப் பின்னால் எழுதி வைத்த மாதிரி வந்தது. அவர் போனபிறகு அந்தத் தோஃபுவை உட்கார்ந்து முழுசாகத் தின்றேன், சம்பால் தொட்டு. நீ அவருடைய ரேடியோவை உன் ஆயுசில் பார்த்தது கிடையாது. சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு முழுக்கப் பேச்சு, மறுநாள் வந்தவளும் அதையே சொன்னாள், பாவம் நீங்க, பொண்ணு போனதே நல்லதாப் போச்சு என்று. போர்டு மூன்று நாள் தொங்கிற்று. ஐந்து ரேடியோ திருத்தினேன். ஐந்து ரேடியோவையும் நீ கெடுத்தாய்.

எனக்கு முப்பத்தேழு வயசு. உனக்கும் எனக்கும் நடுவில் பதினாறே வருஷம், அதனால்தான் தாயும் மகளுமாகச் சண்டை போடத் தெரியவில்லை, ஒரு பாயில் படுக்கிற அக்கா தங்கச்சி மாதிரி மயிரைப் பிடித்து இழுக்கிறோம். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு டெக்னிக்கல் ஸ்கூலை விட்டு வெளியே வந்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், வாத்தியார் "சமைக்கப் போறவளுக்கு எதுக்குடி சால்டரிங்" என்று பையன்கள் முன்னால் கேட்டார், உன் அப்பன் அந்தப் பையன்களோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து யாராவது நான் தப்பு என்று சொன்னால் எனக்குப் படிப்பு இல்லை என்று சொன்ன மாதிரியே கேட்கும். நீ சோற்றுக் கரண்டியோடு பின்னால் நின்று சொன்னாலும் அப்படித்தான் கேட்டது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, காரணம் சொன்னால் எனக்கே பிடிக்காது. உன் மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். பெரிய மனுஷி மாதிரி வாயை மூடிக்கொண்டு கப்பலேறினாயே, யார் கேட்டார்கள்? நான் கத்தினால் திருப்பிக் கத்து. தட்டை வீசினால் ஜோடித் தட்டை எடுத்து நீ வீசு. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அங்கே போய் நின்றுகொண்டு, சரியா தப்பா என்று மெஷின் சொல்கிறதைக் கேட்டுப் பெட்டியில் பிரித்துப் போடுகிற வேலை, உன் காதுக்கு அதுவா வேலை? போர்டைக் கழற்றி அடுப்பில் வைத்தேன், ஈரமாக இருந்தது, எரியாமல் ஒரே புகை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஹோட்டல் முற்றத்தில் சங்கக் கூட்டம். கீத்தோ மாமா வண்டி கொண்டு வருகிறான், முறைத்துக்கொண்டே வருவான், வரட்டும். அந்தப் பெரிய ரேடியோவைத் திருத்தவில்லை, வேண்டுமென்றேதான். அரை மணி நேரத்தில் திருத்திப் பாட வைத்து எடுத்துப் போயிருக்கலாம், கை துடித்தது, ஆனால் அதைத் தொட்டால் மெழுகை உடைக்க வேண்டும். மூன்று முழுசு, ஒன்று உடைசல், அப்படியே எடுத்துப் போகிறேன். மேசையில் கவிழ்த்து வைப்பேன், எல்லாரும் வந்து எண்ணட்டும், கோ லியோங்கைத்தான் முதலில் கூப்பிடுவேன், அவர் கண்ணாடியை மறந்திருந்தால் விரலால் தடவி எண்ணட்டும். இபு மெய்லானிக்கு இந்த விவகாரம் ஒன்றும் புரியாது, அதனால் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்: இபு, எந்த ஸ்டேஷன் வந்தாலும் இந்த ரேடியோ உள்ளுக்குள்ள அதை ஒரே ஒரு எண்ணுக்கு மாத்திக்கிட்டுத்தான் வேலை செய்யும், நானூத்தம்பத்திரண்டு, இந்த நாலு திருகும் அந்த எண்ணுக்குக் காது கொடுக்கிறதுக்குத்தான் இருக்கு, நான் நாலையும் தப்பான எண்ணுக்குத் திருப்பிட்டு, டயலோட ரெண்டு முனையை மட்டும் இழுத்துப் பிடிச்சு உங்களுக்குக் காட்டினேன், நடுவுல செத்தது என் கை, எம் பொண்ணு ஒண்ணைத்தான் தொட்டா, அது ஒண்ணுதான் சரியான பக்கம் திரும்பியிருக்கு, இதை அன்னிக்கே பாக்காம உங்க முன்னாடி அவளைக் கேவலப்படுத்தினேன். இவ்வளவுதான். மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்று தடவையும் "கேவலப்படுத்தினேன்" வருகிற இடத்தில் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன், ஹோட்டல் முற்றத்தில் திறந்துவிடக் குழாய் இல்லை. தேஜோ ஏதாவது சொல்வான், கெட்டில் தண்ணி ஆறிப்போச்சா என்பான், சொல்லட்டும். மெஷினையும் கொண்டு போகிறேன், குமிழைக் கழற்றி எல்லார் கையிலும் கொடுப்பேன். மிச்சம் ஆறு ரேடியோக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள். அதற்கப்புறம் என்னிடம் யார் ரேடியோ கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்காதே. இபு மெய்லானி உன்னைத் திருப்பிக் கூப்பிடுவாரா என்றும் தெரியாது, புளூடூத் சலித்துப்போச்சு, ஒன்றாவது நிஜமாகப் பாடினால் தேவலை என்று சொன்னதாகச் சமையல்காரி சொன்னாள், அதை நம்பி நீ டிக்கெட் போட்டுவிடாதே. கூப்பிட்டால் வருவதும் வராததும் உன் இஷ்டம். என் மேல் இருக்கிற கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைக் காரணம் காட்டி நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லாதே, அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்தது, அதனால் சொல்கிறேன். பாஸ்போர்ட்டை ஏஜென்சிக்காரன் கையில் விடாதே. குளிர் அறையில் ஜாக்கெட்டின் பித்தானைக் கழுத்து வரைக்கும் போடு. அல்லாஹ் உன் காலையும் காதையும் பத்திரமாக வைக்கட்டும், நுடுக், நான் உன்னை அப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷம் இருக்கும். இன்னொன்றும் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், ஆரம்பித்தால் அது ஒரு பக்கம் போகும், கீத்தோ வாசலில் ஹார்ன் அடிக்கிறான், ரேடியோவை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், அவன் ஓட்டுகிற ஓட்டத்துக்கு மெழுகு உடைந்தால் எண்ணிக் காட்ட ஒன்றும் இருக்காது. நான் போகணும்.

உன் அம்மா,
விதார்த்தி